மகன் பட்டாளத்தில், நான் களுவாஞ்சிகுடியில்

2022 தைப்பொங்கல் முடிந்து நாலாம் நாள், பின்னேரம் மூன்று மணியளவில் மகன் வட்ஸ்அப்பில் எடுத்தான். பாரிசில் அப்போது காலை பத்தரை. அவனுக்குப் பின்னால் ஒரு கருங்கல் மதிலும் பெரிய வாசலும் தெரிந்தன. "அம்மா, உள்ளுக்குப் போறன். போன வாங்கி வைச்சிருவாங்க. எப்ப திருப்பித் தருவாங்க எண்டு தெரியா. என்ட சத்தம் இல்லாட்டி நான் சுகமா இரிக்கன் எண்டு நினைச்சுக்கங்க" என்றான். "சாப்பிட்டியா மனே" என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது. அடுத்த அழைப்பு வர 10 கிழமை ஆனது.

அவன் போய்ச் சேர்ந்தது பிரான்சின் வெளிநாட்டவர் படையில். அங்குள்ள எங்கள் ஆட்கள் லெஜியோன் என்பார்கள். 1831 இல் தொடங்கிய படை. ஏறத்தாழ 9,000 பேர், 140க்கு மேற்பட்ட நாட்டவர்கள். முதல் ஒப்பந்தம் 5 வருடம். இதெல்லாம் நான் பிறகு தேடிப் படித்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்: ஆமி. மட்டக்களப்பில் என் வயதுப் பெண் ஒருத்திக்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

செய்தி வராமல் இருப்பதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. 1990 இல் என் அண்ணன் சைக்கிளில் சந்தைக்குப் போனார். திரும்பி வரவில்லை. அம்மா 2011 இல் கண்மூடும்வரை, 21 வருடம், இரவில் வாசல் கேற்றைப் பூட்ட விடவில்லை. "அவன் வந்து தட்டினா ஆருக்குக் கேக்கும்" என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவளிடம் 'சத்தம் இல்லாவிட்டால் சுகம்' என்று சொன்னால் மனம் எப்படி எடுக்கும்? மகன் போய் மூன்றாம் கிழமை என் கணவர் கேட்டார்: "நீ இப்ப கேற்றுக்குப் பூட்டுப் போடுறல்ல, கவனிச்சியா?" நான் கவனித்திருக்கவில்லை. கை தானாகவே பூட்டை விட்டிருக்கிறது.

என்னைப் போன்ற பெற்றோர் இங்கே அதிகம் இல்லை, ஆனாலும் கூடிக்கொண்டு வருகிறார்கள். பொதுநலவாய நாட்டவர் என்பதால் பிரித்தானியப் படைக்கு எங்கள் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். கனடாவில் 2022 கடைசியிலிருந்து நிரந்தர வதிவிடம் உள்ளவர்களையும் படைக்கு எடுக்கிறார்கள். போன மாதம் கல்முனைப் பக்கம் ஒரு தாய், தன் மகனும் இப்படிப் போகப்போகிறான் என்று அழுதபடி என்னிடம் வந்தார். அவருக்கு வாய்வழியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவன் ஏன் போனான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2019 இல் பிரான்சுக்குப் போனவன். வதிவிட அனுமதி இழுபட்டுக்கொண்டே இருந்தது. உணவகத்தில் கோப்பை கழுவினான். லெஜியோனில் 3 வருடம் ஒழுங்காகச் சேவை செய்தால் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அது ஒரு காரணம். மற்றது அவனுடைய இரண்டு தங்கைகள். எங்கள் பகுதியில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் ஆண்பிள்ளை தன்னைப் பற்றி யோசிப்பான். நாங்கள் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் கேட்காமலே ஒரு பிள்ளையின் தலையில் இரண்டு வீடு இருந்திருக்கிறது என்பதை அவன் போன பிறகுதான் கண்டேன். சொந்தபந்தத்தில் ஒரு பெரியம்மா நேரே முகத்துக்குக் கேட்டார்: "இஞ்ச நடந்தது காணாதா? அங்கயும் போய்த் துவக்குத் தூக்கணுமா?" அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. அவன் முடிவெடுத்துவிட்டான், நான் அவனுடைய தாய். அந்த இடத்திலிருந்துதான் எனக்குத் தொடங்க முடிந்தது.

பிள்ளை இப்படி ஒரு பேச்சை எடுத்தவுடன் பெற்றோர் செய்ய வேண்டியது, அவன் சேரப்போவது உண்மையான இடம்தானா என்று பார்ப்பது. லெஜியோனுக்கு ஆள் எடுப்பது பிரான்சுக்குள் மட்டும்தான். பதினேழரை வயதுக்கும் முப்பத்தொன்பதரை வயதுக்கும் இடைப்பட்டவர், செல்லுபடியாகும் கடவுச்சீட்டோடு தானே வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு சதம் கட்டணம் இல்லை, முகவர் இல்லை, இலங்கையில் இருந்து விண்ணப்பம் இல்லை. 2024 இல் ரஷ்யாவில் வேலை என்று சொல்லி இலங்கையரைக் கூட்டிப்போய் உக்ரைன் போர்முனையில் விட்ட கதைகள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. எங்கள் வடக்குப் பிள்ளைகளும் அதில் அகப்பட்டார்கள். வெளிநாட்டுப் பட்டாளத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று காசு கேட்கிற எவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். இதில் மட்டும் இரண்டாவது யோசனை வேண்டாம்.

அந்த 10 கிழமை எப்படிப் போனது? பாரிசில் இருக்கும் என் தம்பி முறையான ஒருவர், பிரெஞ்சு நன்றாகப் பேசுவார், இரண்டு தரம் தொலைபேசியில் விசாரித்தார். படைக்காரர் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கொதித்தேன். பிறகுதான் விளங்கியது, அது அவர்களுடைய பழைய முறை: உள்ளே வந்தவனின் அனுமதி இல்லாமல் அவனைப் பற்றி வெளியே எதுவும் சொல்ல மாட்டார்கள். முதலில் ஒபாஞ் என்ற ஊரில் சில கிழமை சோதனை: உடம்பு, மனம், கேள்விகள். தேறினால் காஸ்தெல்நோதாரியில் 4 மாதப் பயிற்சி. அதில் முதல் மாதம் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில். அந்த மாதம் கைத்தொலைபேசி கிடையாது. அந்த மாதக் கடைசியில் நீண்ட நடை ஒன்று நடந்து முடித்த பிறகுதான் லெஜியோனின் அடையாளமான வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைக்க விடுவார்கள். இந்த ஒழுங்கை மகன் போக முன்னமே ஒரு கடதாசியில் எழுதி வாங்கியிருந்தால், நான் பாதி இரவுகளாவது நித்திரை கொண்டிருப்பேன். அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். எத்தனை கிழமை சத்தம் வராது, எந்தத் திகதி தாண்டினால் யாரை, எந்த இலக்கத்தில் கேட்கலாம் என்று பிள்ளையின் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரப்போகும் மௌனத்தின் நீளம் தெரிந்திருப்பது வேறு. தெரியாமல் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பது வேறு.

அழைப்பு வந்தது பங்குனிக் கடைசியில். நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள் அவை. என் போனில் 4 வீதம்தான் சார்ஜ் இருந்தது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. மொட்டைத் தலை, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. நான் வாயைத் திறக்க முன்னம் அவன் கேட்கிறான்: "அம்மா, காஸ் கிடைக்குதா? அப்பாட மருந்து கிடைக்குதா?" எங்களுக்காக அவன் அங்கே பயந்திருக்கிறான். உள்ளே யாரோ இலங்கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். 10 கிழமையாக நான் ஒரு பக்கம் மட்டும்தான் பயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் போன் அணைந்தது. அன்று இரவு கேற்றைப் பூட்டிவிட்டுப் படுத்தேன்.

அதிலிருந்து ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டோம். அவன் கேட்கிற கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது. அப்பாவின் சீனி கூடியிருந்தால் கூடியிருக்கிறது, டொக்டர் இந்த மருந்து தந்திருக்கிறார் என்று முழுதாகச் சொல்வோம். மறைத்தால் பிள்ளை குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான், பிறகு நாங்கள் சொல்லும் எந்த 'சுகம்' என்ற சொல்லையும் நம்ப மாட்டான். அவனிடம் நான் கேட்பதில்லை: எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய், எத்தனை பேர். அதை அவனால் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைத் தாய் திரும்பத் திரும்பக் கேட்டால் அழைப்பு எடுப்பதையே பிள்ளை பின்போடுவான். இதை நான் அனுபவித்துத்தான் அறிந்தேன். ஒரு மாதம் அப்படிக் கேட்டேன். அந்த மாதம் இரண்டு அழைப்புத்தான் வந்தது.

நான் 27 வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவள். சவூதியிலும் குவைத்திலும் இருந்த பிள்ளைகளின் கடிதத்துக்காக என் கருமபீடத்துக்கு முன்னால் நின்ற தாய்மாரை எனக்குத் தெரியும். அதனால் பார்சல் அனுப்புவதில் எனக்குப் பிழை வராது என்று இருந்தேன். முதல் பார்சலே திரும்பி வந்தது. காரணம், நான் அவனுடைய சொந்தப் பெயரை எழுதிவிட்டேன். லெஜியோனில் வேறு பெயரில் சேர்வது பழைய வழக்கம். என் மகனும் அப்படியே சேர்ந்தான். முதல் எழுத்துக்கள் மட்டும் பழையவை, மற்றதெல்லாம் யாரோ ஒருவருடைய பெயர். அவன் சொல்லியும் இருந்தான். பெட்டியின் மேல் எழுதும்போது, நான் வைத்த பெயரைத்தான் கை எழுதியது. இரண்டரை மாதம் கழித்து, ஒரு மூலை நசுங்கி, மிளகாய்த்தூள் மணத்தோடு அந்தப் பெட்டி திரும்ப என் பழைய கந்தோருக்கே வந்து சேர்ந்தது. என்னிடம் வேலை பழகிய பிள்ளைதான் அதை எடுத்துத் தந்தாள். அந்தப் புதுப் பெயரை ஒரு கொப்பியில் பத்துத் தரம் எழுதிப் பழகினேன். எழுத எழுத அழுகை வந்தது, ஆனாலும் எழுதினேன்.

பார்சல் பற்றிச் சுருக்கமாக: பெயர், சேவை இலக்கம், பிரிவு, முகவரி, நாலும் அவன் எழுதி அனுப்பிய எழுத்துக்கூட்டலிலேயே இருக்கட்டும். சுங்கப் படிவத்தில் ஒவ்வொரு பொருளையும் நிறையோடு ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'உணவுப் பொருள்' என்று ஒரே சொல்லில் முடித்தால் பெட்டியை உடைத்துப் பார்ப்பார்கள். இறைச்சியும் பாற்பொருளும் ஐரோப்பாவுக்குத் தபாலில் போகாது, எங்கள் எருமைத்தயிர் எப்படியும் போகாது, நெய்யும் அப்படித்தான். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், பயிர்ச் சான்றிதழ் கேட்பார்கள். வறுத்து அரைத்த கறித்தூள், மாசி, பனங்கற்கண்டு நல்லபடி போய்ச் சேர்ந்தன. அவன் அறையில் நேபாளப் பிள்ளையும் பிரேசில் பிள்ளையும் இருக்கிறார்களாம். மாசிச் சம்பலுக்கு அந்த நேபாளப் பிள்ளைதான் இப்போது என்னிடம் ஆள் விட்டுக் கேட்கிறான். ஒரு பிள்ளைக்கு அனுப்புவதென்றால் மூன்று பிள்ளைக்குக் காணும்படி அனுப்புங்கள்.

2023 மாசி மாதம் அவனை பிரெஞ்சு கயானாவுக்கு 4 மாதம் அனுப்பினார்கள். தென்னமெரிக்காவில் இருக்கிற பிரான்சின் பகுதி, மழைக்காடு. கூரு என்ற ஊரில் ஐரோப்பாவின் ரொக்கெட் ஏவுதளம் இருக்கிறது, லெஜியோனின் ஒரு பிரிவு அங்கேதான். ஏவுதளத்துக்குக் காவல் ஒரு வேலை. காட்டுக்குள் களவாகத் தங்கம் தோண்டுபவர்களைத் தேடிப் போவது மற்ற வேலை. எங்களுக்கும் அதற்கும் எட்டரை மணித்தியால வித்தியாசம். காட்டுக்குள் போனால் கிழமைக் கணக்கில் சிக்னல் இல்லை.

அப்போதுதான் குரல்பதிவு அனுப்பத் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம், விளக்கு வைத்த பிறகு, இரண்டு நிமிடம். அவன் வெளியே வந்தவுடன் கேட்கட்டும் என்று. தொடக்கத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'கவனமாக இரு மனே' என்பதையே நாலு விதமாகச் சொன்னேன். பிறகு கண்டதைச் சொன்னேன்: ஆற்றில் இறால் பட்டது, பக்கத்து வளவு மாமரம் சாய்ந்தது, தங்கச்சி ஸ்கூட்டி பழகி வேலியில் மோதினது, மழை இன்னும் வரவில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி நாளில் கோயில் வீதியில் நின்று போனை உயர்த்திப் பிடித்தேன். குளிர்த்திப் பாட்டும் உடுக்குச் சத்தமும் சனத்தின் குரவையும் அப்படியே பதிவானது. அவன் மூன்று கிழமைக்குப் பிறகு காட்டிலிருந்து வந்து, 20 பதிவையும் ஒரே இருப்பில், காயப்போட்ட சப்பாத்துக்குப் பக்கத்தில் இருந்து கேட்டானாம். "அம்மா, அந்தக் குரவச் சத்தத்த நாலு தரம் கேட்டன்" என்றான். அழைப்பு என்றால் இருவருக்கும் நேரம் பொருந்த வேண்டும், பிள்ளை களைத்திருந்தாலும் சிரிக்க வேண்டும். குரல்பதிவு அவனுக்காகக் காத்திருக்கும். இந்த மூன்றரை வருடத்தில் நான் கண்ட நல்ல வழி இது ஒன்றுதான் என்று சொல்லுவேன்.

அவன் கயானாவில் இருந்த அந்த 2023 பங்குனியில் ஒரு மருமகன் ஒரு செய்தி இணைப்பை அனுப்பினார். கயானாக் காட்டில் தங்கம் தோண்டுபவர்களைத் தேடிப் போன இடத்தில் ஜெண்டாமரி என்ற பிரான்சின் பட்டாளப் பொலிஸ் வீரர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். மொழிபெயர்த்த தமிழில் பெயரும் விளங்கவில்லை, பிரிவும் விளங்கவில்லை. அந்த இரவு நான் பட்டதை எழுதப்போவதில்லை. பாரிசில் இருப்பவர் மூலச் செய்தியைப் படித்து, அவர் எங்கள் மகனின் பிரிவு அல்ல, ஜெண்டாமரி வேறு, லெஜியோன் வேறு என்று விளக்க விடிந்துவிட்டது. மகன் வெளியே வந்தது 9 நாளுக்குப் பிறகு. அன்றிலிருந்து சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்: அவன் சம்பந்தப்பட்ட எந்தச் செய்தியும் முதலில் பாரிஸ் மாமாவுக்கு. அவர் படித்த பிறகுதான் எங்களுக்கு. இறந்தவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பார் என்று நினைத்து அடுத்த நாள் கோயிலில் அவர் பேருக்கும் ஒரு விளக்கு வைத்தேன்.

படையில் ஒருவருக்கு ஏதும் நடந்தால் அறிவிக்க வேண்டியவர் யார் என்று ஒரு பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அதில் என் பெயரோடு பாரிஸ் மாமாவின் பெயரும் இலக்கமும் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்தேன். உங்கள் பிள்ளையிடமும் கேளுங்கள். அந்த நாட்டு மொழி தெரிந்த, இரவு 2 மணிக்கும் போன் எடுக்கக்கூடிய ஒருவர் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

2024 இல் இன்னொன்று நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக் நேரம், படையினர் தெருக்களில் ரோந்து போன நாட்கள். தெரியாத இலக்கத்திலிருந்து வட்ஸ்அப் அழைப்பு. ஒருவர் ஆங்கிலத்தில், தான் கப்டன் என்றும், உங்கள் மகனுக்கு முதுகில் அடி, சத்திரசிகிச்சைக்கு உடனே 3 லட்சம் ரூபாய் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். மகனின் சொந்தப் பெயரைச் சரியாகச் சொன்னார். என் கணவர் அலுமாரியைத் திறந்து நகைப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு எங்கிருந்து அந்த நிதானம் வந்ததோ தெரியாது, "அங்க அவருக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். பேச்சு நின்றது. போன் வைக்கப்பட்டது. கொப்பியில் பத்துத் தரம் எழுதிய பெயர் எங்களைக் காப்பாற்றியது. படைச் சேவையில் காயப்பட்டவரின் வைத்தியத்துக்குக் குடும்பத்திடம் காசு கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. மகனின் சொந்தப் பெயர் எப்படி வெளியே போனது என்றும் கண்டுபிடித்தோம். ஒரு மச்சான், சீருடைப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, பெயர், ஊர், 'எங்கள் வீரன்' என்று எழுதியிருந்தார். ஆசையில் செய்தது. ஆனாலும் நான் அவர் வீட்டுக்கே போய் நின்று எடுக்கவைத்தேன். எங்கள் வீட்டில் அவனுடைய சீருடைப் படம் சாமி அறைச் சுவரில் இருக்கிறது. அதைத் தாண்டி எங்கேயும் இல்லை.

கடதாசி வேலைகளைப் பிந்த விடாதீர்கள். படையில் எடுத்த பெயரிலிருந்து சொந்தப் பெயருக்குத் திரும்ப அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. பிறப்புப் பதிவில் அவன் பெயரின் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. ஒரே ஒரு எழுத்து. அதற்காகப் பிரதேச செயலகத்துக்கு நாலு தரம், சான்றுறுதிக்குப் பத்தரமுல்லையில் உள்ள கொன்சூலர் பிரிவுக்கு ஒரு தரம், இரவு பஸ்ஸில் போய் வந்தேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், அது அங்கே குடும்பப் பெயராகிவிடும். இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். பிள்ளை போக முன்னமே எல்லாச் சான்றிதழிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றா என்று பார்த்துவையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும், வைத்திருக்க விரும்பினால் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அவனோடு முன்கூட்டியே பேசிக்கொண்டோம்.

காசு பற்றி ஒரே வசனம் சொல்கிறேன். மூத்த மகளின் வீட்டுக்குக் கூரை போட அவன் அனுப்பினான், இளையவளின் வீட்டுக்கு நாங்களே வங்கியில் கடன் எடுத்தோம், அவனிடம் சொல்லிவிட்டே எடுத்தோம்.

2025 வைகாசியில் அவன் வந்தான். 5 கிழமை விடுமுறை. கட்டுநாயக்காவில் கண்டபோது தோள் அகன்று, நடையே மாறியிருந்தது. லெஜியோன் அணிவகுப்பில் மற்றப் படைகளைவிட மெதுவாக, நிமிடத்துக்கு 88 எட்டு வைப்பார்களாம். என் மகன் வளவுக்குள் நடப்பதும் அப்படித்தான் எனக்குப் பட்டது. கட்டிலில் படுக்கவில்லை, நிலத்தில் பாயில் படுத்தான். முதல் கிழமை அவன் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சொந்தக்காரர் பார்க்க வந்தபோது, 'ஆரையும் சுட்டியா' என்று ஒரு சின்னப் பையன் கேட்க, கணவர் பையனைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டார்.

ஒரு காலை அவன் அப்பாவின் வெள்ளைச் சேட்டை எடுத்து, தங்கச்சியின் அடிமட்டத்தை வைத்து அளந்து அளந்து மினுக்கினான். முதுகில் மூன்று மடிப்பு, கையில் மூன்று மடிப்பு, ஒரு மில்லிமீற்றர் பிசகாமல். நான் கதவு நிலையில் நின்று பார்த்தேன். மினுக்கியபடியே அவனாகச் சொல்லத் தொடங்கினான். 1863 சித்திரை 30 இல் மெக்சிக்கோவில் கமரோன் என்ற இடத்தில் 65 பேர் 2,000 பேரை எதிர்த்து நின்ற கதை. அந்தக் கப்டனின் மரக்கை இன்றும் ஒபாஞ்சில் இருக்கிறது, அந்த நாளில் அதைத் தூக்கிக்கொண்டு அணிவகுப்பார்கள், அன்று காலை அதிகாரிகள்தான் கீழே உள்ளவர்களுக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள். நத்தாருக்கு யாரும் வீட்டுக்குப் போவதில்லை, அதிகாரிகளும் குடும்பத்தை விட்டு இவர்களோடுதான் இருப்பார்கள். பிறகு கயானாக் காட்டில் ஒரு இரவு பற்றிச் சொன்னான். அதை அவன் என்னிடம் சொன்னது, அதனால் இங்கே எழுதவில்லை. இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்று சேட்டில் பழுப்புத் தட்டியது. நான் போய் மெதுவாக எடுத்து வைத்தேன். அவன் தொடர்ந்து சொன்னான்.

அந்தச் சேட்டை அப்பா குளிர்த்திக்குப் போட்டுக்கொண்டு போனார், பழுப்போடு.

இப்போது அவன் மீண்டும் ஏதோ ஒரு பயிற்சியில். 3 கிழமை சத்தம் வராது என்று திகதியோடு சொல்லிவிட்டுப் போனான். இன்று 11ஆம் நாள். விளக்கு வைத்தாயிற்று, இன்றைய பதிவு இன்னும் அனுப்பவில்லை. பின்வளவு முருங்கை முதல்தரம் பூத்திருக்கிறது. அவன் நட்ட கம்புதான். அதைச் சொல்ல வேண்டும்.